கையில் இரண்டு ஏஸ், முன்னால் எட்டுச் சில்லு



தீபாவளி இரவில் நம் வீடுகளில் முறுக்கோடும் அதிரசத்தோடும் ஒரு சீட்டுக்கட்டும் வெளியே வருவது புதிதல்ல. பெரியப்பாவும் சித்தப்பாவும் பாயில் உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். சின்னப் பிள்ளைகள் அருகில் அமர்ந்து, யார் கையில் ஜோக்கர் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முயல்வார்கள். எனக்கும் சீட்டு அப்படித்தான் அறிமுகமானது. பல்கலைக்கழக விடுதிக்கு வந்த பிறகு ரம்மியின் இடத்தைப் போக்கர் பிடித்துக்கொண்டது.

எங்கள் மாடியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பணம் வைப்பதில்லை. ஆளுக்குச் சம அளவு பிளாஸ்டிக் சில்லுகள். யார் முதலில் எல்லாவற்றையும் இழக்கிறாரோ அவர் மறுநாள் பொதுச் சமையலறையில் குவிந்து கிடக்கும் பாத்திரங்களைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான் தண்டனை.

ஓர் இரவு என் முன்னால் எட்டே எட்டுச் சில்லுகள் மிஞ்சியிருந்தன. ஒவ்வொன்றும் 100 மதிப்புள்ளவை. அந்த நேரத்தில் என் கைக்கு இரண்டு ஏஸ் வந்தன. இந்த ஆட்டத்தில் அதைவிட உயர்ந்த தொடக்கச் சீட்டு கிடையாது. "ஆசையைக் காட்டக் கூடாது, எல்லோரையும் உள்ளே வரவழைத்துப் பிறகு பிடிப்போம்" என்று நினைத்து, ஒரே ஒரு சில்லை மட்டும் வைத்தேன். எதிர்பார்த்தபடியே இன்னும் இருவர் ஆளுக்கொரு சில்லு வைத்து வந்தார்கள். ஏற்கெனவே கட்டாயப் பணயம் வைத்திருந்த நண்பர் கூடுதலாக எதுவும் செலுத்தாமலேயே ஆட்டத்தில் இருந்தார். மேசையில் 9, 8, 4 விழுந்தன. மிச்சமிருந்த ஏழு சில்லையும் நம்பிக்கையோடு தள்ளினேன். இலவசமாக உள்ளே வந்த நண்பரின் கையில் இருந்தவை ஒரு 9, ஓர் 8. இரண்டு ஜோடி! மறுநாள் காலை பாத்திரம் கழுவியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுத் தந்த மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர் என் தோளைத் தட்டி, "தம்பி, உன்னைத் தோற்கடிச்சது அந்த ஒன்பதும் எட்டும் இல்லை. அவனை ஓசியில உள்ள விட்டியே, அதுதான்" என்றார்.

குறைந்த இருப்போடு இருப்பவர் வலிய சீட்டு வரும்போது என்ன செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதே கணக்கு எந்த இடத்தில் நம்மைக் கவிழ்த்துவிடும் என்பதையும் இறுதியில் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் யாரும் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஆட்டத்தின் அடிப்படை

உலகில் பரவலாக ஆடப்படும் போக்கர் வகை டெக்சஸ் ஹோல்டம் ஆகும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு மேசை நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று, பின்னர் ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தை அமைப்பவர் வெல்கிறார். இரண்டு சீட்டுகள் கைக்கு வந்ததும் ஒரு சுற்றும், பொதுச் சீட்டுகள் திறக்கப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்றுமாக நான்கு முறை பணயம் வைக்கலாம். ஒருவர் பணயத்தை ஏற்றினால் மற்றவர்கள் அதற்கு ஈடு கட்டலாம், மேலும் ஏற்றலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம்.

எல்லோரும் நல்ல சீட்டுக்காகக் காத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் நகராது. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பணயம் வைக்க வேண்டும். ஒன்று சிறிய பிளைண்ட், மற்றொன்று அதைப்போல் இருமடங்கான பெரிய பிளைண்ட். இந்தப் பொறுப்பு மேசையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் வந்துகொண்டே இருக்கும். பல போட்டிகளில் குறிப்பிட்ட கட்டத்திற்குப் பிறகு ஆண்ட்டி என்ற சிறு தொகையும் சேர்ந்துகொள்ளும். முன்பு அதை ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்தார்கள். இப்போது பல போட்டிகளில் பெரிய பிளைண்ட் வைப்பவரே மொத்த மேசைக்கும் சேர்த்துச் செலுத்துகிறார்.

போட்டி ஆட்டம் என்பது வேறு, பண மேசை என்பது வேறு. போட்டியில் நுழைவுக் கட்டணம் ஒரு முறைதான். கிடைக்கும் சில்லுகளைக் காசாக மாற்ற முடியாது. சில்லு தீர்ந்தால் வெளியே. கடைசிவரை நிற்பவருக்கு முதற்பரிசு. இதில் முக்கியமானது என்னவென்றால், குறிப்பிட்ட நேரத்திற்கு ஒரு முறை பிளைண்ட் தொகை உயர்ந்துகொண்டே போகும். நேற்றுவரை பெரிய குவியலாகத் தெரிந்த சில்லு, ஒரு சீட்டும் ஆடாமலேயே இன்று சிறிய குவியலாகிவிடும்.

கரையும் இருப்பு

நம் வீடுகளில் 101 புள்ளி ரம்மி ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே டிராப் என்று சொல்லி ஒதுங்கினால் 20 புள்ளி ஏறும். 101ஐத் தொட்டவர் வெளியேற வேண்டும். அப்படியானால் 81 புள்ளியில் இருப்பவர் டிராப் செய்ய முடியுமா? முடியாது. ஒதுங்கினாலே அவர் கதை முடிந்துவிடும். எந்தச் சீட்டு வந்தாலும் அவர் ஆடித்தான் ஆக வேண்டும். போக்கர் போட்டியில் குறைந்த இருப்புள்ளவர் அந்த 81 புள்ளியை நெருங்கிக்கொண்டிருப்பவர்.

இதை அளந்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 1995ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற டான் ஹாரிங்டன், பில் ராபர்ட்டியுடன் இணைந்து எழுதிய நூல்களின் வழி இந்த அளவுகோலைப் பரவலாக்கினார். பேக்கேமன் ஆட்ட வல்லுநர் பால் மாக்ரியலின் பெயரால் அது 'எம்' என்று அழைக்கப்படுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் கட்டாயச் செலவால் நம் இருப்பை வகுத்தால் கிடைப்பதே எம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மேசையில் 9 பேர். சிறிய பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1,000, ஆண்ட்டி ஆளுக்கு 100. ஒரு சுற்று முடியும்போது நாம் எதையும் ஆடாவிட்டாலும் 500 + 1,000 + 900 = 2,400 போய்விடும். நம் இருப்பு 10,000 என்றால் எம் சற்றேறக்குறைய 4. அதாவது நான்கு சுற்றுகள் சும்மா உட்கார்ந்திருந்தால் நாம் காலி. பிளைண்ட் இடையில் உயர்ந்தால் அதற்கும் முன்பே. எம் 20க்கு மேல் இருந்தால் பச்சை, 10 முதல் 20 வரை மஞ்சள், 6 முதல் 10 வரை ஆரஞ்சு, 1 முதல் 5 வரை சிவப்பு என்று ஹாரிங்டன் மண்டலம் பிரித்தார். சிவப்பு மண்டலத்தில் இருப்பவருக்கு நுணுக்கமான ஆட்டமெல்லாம் கிடையாது. முழுவதையும் தள்ளுவது அல்லது ஒதுங்குவது என்ற இரண்டே வழிதான்.

வலிய சீட்டு எப்போது வரும்?

"நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருப்போம்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பொறுமைக்கும் ஒரு விலை இருப்பதைக் கணக்கு காட்டிவிடுகிறது.

52 சீட்டுகளிலிருந்து இரண்டு சீட்டுகளை 1,326 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு ஏஸ் வருவதற்கான வழிகள் 6. ஆகவே 221 ஆட்டத்திற்கு ஒரு முறைதான் அது வரும். ஏஸ், ராஜா, ராணி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒரு ஜோடி, அல்லது ஏஸும் ராஜாவும் சேர்ந்த கை என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 34 வழிகள். 39 ஆட்டத்திற்கு ஒரு முறை. நம் எடுத்துக்காட்டில் நான்கு சுற்றுகளுக்கு 36 ஆட்டங்களே இருக்கின்றன. அந்த 36 ஆட்டங்களிலும் இவற்றுள் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 39 விழுக்காடு. பத்தில் நான்கு முறை நாம் காத்திருந்தே செத்துப்போவோம்!

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மூன்று சுற்றுகள் காத்திருந்து அந்தச் சீட்டு வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நம்மிடம் இருப்பது 2,800. இருமடங்கானாலும் 5,600தான், தொடங்கிய இடத்திற்குக்கூட நாம் திரும்பவில்லை. தாமதமாக வந்த ஏஸ் ஜோடி, நேரத்தோடு வந்த சாதாரண ஜோடியைவிடக் குறைவாகவே சம்பாதித்துத் தரும்.

ஆகவே வலிய சீட்டு என்பதன் பொருளே இருப்புக்கு ஏற்ப மாறுகிறது. 100 பெரிய பிளைண்ட் இருப்பவருக்கு ஏஸ், ராஜா ஜோடிகளே வலியவை. 10 பெரிய பிளைண்ட் இருப்பவருக்கு நடுத்தர ஜோடியும், ஏஸுடன் ஒரு நல்ல சீட்டும் வலியவையே.

இரண்டு வழிகளில் வெல்லலாம்

சிவப்பு மண்டலத்தில் நாம்தான் முதலில் தள்ள வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? தள்ளுபவருக்கு வெல்ல இரண்டு வழிகள் உண்டு. எல்லோரும் ஒதுங்கிவிட்டால் சீட்டைக் காட்டாமலேயே வெற்றி. யாராவது ஈடு கட்டினால் சீட்டு வலிமையால் வெற்றி. ஈடு கட்டுபவருக்கோ இரண்டாவது வழி மட்டுமே.

மேலே கண்ட அதே மேசையில் இதைக் கணக்கிடுவோம். பிளைண்ட் முறை இன்னும் நம்மிடம் வரவில்லை, இருப்பு 10,000. ஏஸும் ராஜாவும் கையில் உள்ளன. மேசை நடுவே ஏற்கெனவே 2,400 கிடக்கிறது. ஈடு கட்டுபவரும் பிளைண்ட் வைக்காதவர், அவரிடமும் 10,000 இருக்கிறது, நாம் வெல்ல 45 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

வேறொருவர் தள்ளி, நாம் ஈடு கட்டினால்: குவியல் 22,400. அதில் 45 விழுக்காடு 10,080. ஒதுங்கியிருந்தாலும் 10,000 கையில் இருந்திருக்கும். ஆக இவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்றதற்குக் கூலி 80 சில்லு!

நாம் முதலில் தள்ளி, பாதி முறை எல்லோரும் ஒதுங்குவார்கள் என்றால்: அந்தப் பாதியில் நம் இருப்பு 12,400 ஆகிறது, சராசரியில் அதன் பங்கு 6,200. மறுபாதியில் சராசரி 10,080 கிடைக்கும். அதன் பங்கு 5,040. இரண்டும் சேர்த்து 11,240. சீட்டு அதேதான், எதிரியும் அதே எதிரிதான். யார் முதலில் தள்ளினார் என்ற ஒரே வேறுபாட்டில் 1,160 சில்லு நம் பக்கம் வந்துவிட்டது. பிறர் தொடங்கிய பணயத்திற்கு ஈடு கட்டத் தேவையான சீட்டு, நாமே தொடங்கத் தேவையான சீட்டைவிட வலியதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி வகுத்த 'இடைவெளிக் கொள்கை' இதைத்தான் சொல்கிறது.

ஆனால் எதிரியைப் பயமுறுத்தும் அளவுக்கு நம்மிடம் சில்லு இருந்தால்தான் இது பலிக்கும். காத்திருந்து காத்திருந்து நம் இருப்பு 2,000 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தள்ளினால் பெரிய பிளைண்டில் இருப்பவர் இன்னும் 1,000 வைத்தால் போதும். அவர் எதிரே கிடப்பதோ 4,400. ஐந்தில் ஒரு முறை வென்றாலே அவருக்கு இலாபம். எந்தச் சீட்டை வைத்தும் அவர் ஈடு கட்டுவார். நம் முதல் வழி அடைபட்டுப் போகிறது. ஆக, சில்லு கரையும்போது நம் அச்சுறுத்தும் வலிமையும் சேர்ந்தே கரைகிறது.

ஏஸ் ஜோடியை ஒளித்து ஆடலாமா?

இப்போது என் எட்டுச் சில்லுக்குத் திரும்பி வருவோம். எதிரில் ஒருவர் ஏதோ ஒரு சீட்டோடு கடைசிவரை நின்றால் ஏஸ் ஜோடி 85 விழுக்காடு வெல்லும். இருவர் நின்றால் 73, மூவர் நின்றால் 64. "பார்த்தாயா, ஆள் கூடக் கூட ஆபத்து" என்று பலர் இதைச் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். மூன்று பேரும் முழு இருப்புக்கும் ஈடு கட்டி வந்தால் நமக்கு நான்கு மடங்கு கிடைக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. கணக்கின்படி அது கொண்டாட வேண்டிய செய்தி.

என் தவறு ஆள் சேர்த்ததில் இல்லை, மலிவு விலையில் சேர்த்ததில்தான். ஒரு சில்லுக்கு உள்ளே வந்தவர்கள் மூன்று பொதுச் சீட்டுகளைப் பார்த்த பிறகு முடிவெடுத்தார்கள். ஒன்றும் பொருந்தாதவர்கள் ஒரு சில்லோடு ஒதுங்கினார்கள். பொருந்தியவர் மட்டும் என் ஏழு சில்லையும் எடுத்துக்கொண்டார். தோற்கும்போது சிறிதும் வெல்லும்போது முழுவதும் என்ற சலுகையை அவர்களுக்கு நானே வழங்கியிருக்கிறேன். எட்டையும் முன்பே தள்ளியிருந்தால் அந்த 9, 8 சீட்டுக்காரர் அநேகமாக ஒதுங்கியிருப்பார். ஒதுங்காவிட்டாலும் பொதுச் சீட்டைப் பார்க்கும் முன்பே முழு விலை கொடுத்திருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண ஜோடிகளோடு முழுவதையும் தள்ளிவிட்டு, ஏஸ் ஜோடி வரும்போது மட்டும் பதுங்கினால், கூர்மையான எதிரி இரண்டே இரவில் கண்டுபிடித்துவிடுவார். எல்லா நல்ல சீட்டுகளையும் ஒரே மாதிரி தள்ளுபவரிடம் எதிரிக்குப் படிக்க எதுவும் இல்லை. "இவன் சும்மா தள்ளுகிறான்" என்று நினைத்து ஒருவர் ஈடு கட்டுவாரே, அப்போதுதான் ஏஸ் ஜோடி தன் கூலியைப் பெறும்.

இருக்கையும் ஒரு சீட்டுதான்

நமக்குப் பின்னால் முடிவெடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மிக முக்கியம். மேலே சொன்ன 34 வகைச் சீட்டுகளில் ஒன்று பின்னால் இருக்கும் எட்டுப் பேரில் ஒருவரிடமாவது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. பின்னால் இருவரே இருந்தால் அது 5 விழுக்காடு. ஆகவே முதல் இருக்கையில் ஒதுங்கும் சீட்டை, எல்லோரும் ஒதுங்கிவிட்ட நிலையில் கடைசி இருக்கையிலிருந்து துணிந்து தள்ளலாம்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48, 49, 50ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. வள்ளுவர் அரசனின் போர்த்தொழிலை மனத்தில் வைத்து வகுத்த வரிசை அது. சீட்டின் வலிமை, பிளைண்ட் உயரும் காலம், மேசையில் அமர்ந்திருக்கும் இடம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் முதலாவதை மட்டும் பார்த்தவன் நான். அதே வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கி எச்சரித்திருக்கிறார் என்பதையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பரிசின் வாசலில்

பரிசு பெறும் எண்ணிக்கையை நெருங்கும்போது கணக்கு மீண்டும் மாறுகிறது. நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், பரிசு மூவருக்கே. மொத்தப் பரிசு 100 வெள்ளி என்றால் முதலாமவருக்கு 50, இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 20. நால்வரிடமும் சம அளவு சில்லு இருக்கிறது. ஒவ்வொருவரின் நிலையும் சராசரியாக 25 வெள்ளி பெறும்.

ஒருவர் முழுவதையும் தள்ளுகிறார். நாம் ஈடு கட்டி வென்றால் மொத்தச் சில்லில் பாதி நம்முடையது. அப்படியென்றால் நம் நிலையின் மதிப்பு 50 வெள்ளியா? இல்லை. ஐ.சி.எம். எனப்படும் கணக்கு முறையின்படி முதலிடம் பெற 1/2, இரண்டாமிடம் பெற 1/3, மூன்றாமிடம் பெற 1/6 வாய்ப்பு. மதிப்பு 25 + 10 + 3.33 = 38.33 வெள்ளி. தோற்றால் சுழியம். 38.33 பெறுவதற்காக 25ஐப் பணயம் வைக்கிறோம் என்றால், பிளைண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், குறைந்தது 65 விழுக்காடு வெல்லும் சீட்டு வேண்டும். ஏஸும் ராஜாவும் ராணி ஜோடியை எதிர்த்தால் 43 முதல் 46 விழுக்காடுதான். ஜாக் ஜோடி ஏஸ், ராஜாவை எதிர்த்தால்கூட 57தான். நடுவழியில் வலியதாக இருந்த சீட்டு பரிசு வாசலில் ஈடு கட்டப் போதாது!

ஆனால் கவனியுங்கள். இதே பயம் எதிரில் இருப்பவருக்கும் உண்டு. நாம் முதலில் தள்ளினால் அவருக்கும் அதே 65 தேவைப்படுகிறது. ஆகவே அவர் ஒதுங்குவார். முதலில் தள்ளுபவர் ஒருபடி மேலே இருக்கிறார் என்பது இங்கே இன்னும் கூர்மையாகிறது.

ஒரு சில்லும் ஒரு நாற்காலியும்

குறைந்த இருப்பைப் பற்றிப் பேசும் எவரும் ஜாக் ஸ்ட்ராஸைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1982ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 104 பேர் கலந்துகொண்டனர். ஸ்ட்ராஸ் தன் சில்லுகளையெல்லாம் இழந்துவிட்டதாக எண்ணி எழுந்தபோது, துடைப்புத்தாளின் அடியில் ஒரே ஒரு சில்லு மறைந்திருந்ததைக் கண்டார் என்றும், முழுவதையும் தள்ளுவதாக அவர் வாயால் சொல்லாததால் தொடர்ந்து ஆட அனுமதிக்கப்பட்டார் என்றும் ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த ஒற்றைச் சில்லிலிருந்து மீண்டு வந்து, அவர் 5,20,000 அமெரிக்க டாலர் முதற்பரிசை வென்றார். 'ஒரு சில்லும் ஒரு நாற்காலியும் போதும்' என்ற வழக்கு இந்தக் கதையோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது.

நம்பிக்கையூட்டும் கதைதான். ஆனால் அது ஏன் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது? அது அரிதாக நடப்பதால்தான். ஒரு சில்லோடு வெளியேறியவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. சரியாக ஆடினாலும் தோற்பது இந்த ஆட்டத்தில் இயல்பு. ஏஸ் ஜோடி ராஜா ஜோடியிடம்கூட நூற்றுக்குப் பதினெட்டு முறை தோற்கும். முடிவு சரியா என்பதையும் விளைவு நல்லதா என்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இந்த ஆட்டத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

கணக்கு சரி, மேசை தவறு

முன்பே சொன்ன பகுதி இதுதான்.

இந்தக் கணக்கையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்த அண்ணன், மூன்றாம் ஆண்டில் வெள்ளிக்கிழமை ஆட்டத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார். படிப்பில் மும்முரம் போலும் என்று நினைத்தோம். பல மாதங்களுக்குப் பிறகு விடுதிக்கு எதிரே காப்பிக்கடையில் அவரே சொன்னார். இணையத்தில் பணம் வைத்து ஆடத் தொடங்கியிருக்கிறார். முதலில் சிறிது வென்றிருக்கிறார். பிறகு ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறார். அப்போது தன் வங்கிக் கணக்கைப் பார்த்து அவர் நினைத்தது என்ன தெரியுமா? "இருப்பு குறைந்துவிட்டது, இனிப் பதுங்கக் கூடாது, முழுவதையும் தள்ள வேண்டும்." அந்தப் பருவத்திற்கான படிப்புக் கட்டணத்தையும் தள்ளிவிட்டார். பிறகு ஒரு பருவம் படிப்பை ஒத்திவைத்து, இரவு வேலைக்குப் போய்த்தான் அதைக் கட்டினார். அவர் அம்மாவுக்கு அது இன்றுவரை தெரியாது.

"கணக்கு சரிதான் தம்பி. மேசைதான் தப்பு" என்றார்.

அன்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. பின்னர்தான் புரிந்தது. போட்டியில் குறைந்த இருப்புள்ளவர் துணிந்து தள்ளுவது சரியாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, காத்திருந்தால் பிளைண்ட் அவரைத் தின்றுவிடும். இரண்டு, எஞ்சிய சில்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. மூன்று, அவர் இழக்கக்கூடியது நுழைவுக் கட்டணத்தைத் தாண்டாது. சொந்தப் பணத்திற்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது. வங்கியில் இருக்கும் 600 வெள்ளியை எந்தப் பிளைண்டும் தின்பதில்லை. அதை எடுத்துக்கொண்டு எந்த நிமிடமும் எழுந்து போகலாம். எழுந்து போவதற்குக் கட்டணம் கிடையாது. இழந்ததை மீட்க வேண்டும் என்ற ஆசைதான் இல்லாத பிளைண்டை இருப்பதாகக் காட்டி அவசரப்படுத்துகிறது. சூது அதிகாரம் மிகப் பழமையானதாக இருந்தாலும், அது எச்சரிப்பது இந்த அவசரத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடும்பத்தினரும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி ஆடும் ஆட்டத்திற்கு விலக்கு உண்டு. உரிமம் பெறாத இணையச் சூதாட்டத்தில் பங்கேற்பது குற்றம். 21 வயது நிரம்பாதவர்கள் சூதாட்டக்கூடத்திற்குள் நுழையவும் முடியாது. சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவத் தேசியப் பிரச்சினைமிக்க சூதாட்டத் தடுப்பு மன்றம் 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிறைவாக

பாத்திரம் கழுவும் தண்டனையோடு ஆடும்வரை இது அருமையான மூளைப்பயிற்சி. குறைந்த இருப்பில் வலிய சீட்டு வந்தால் ஒளிக்காதீர்கள், முதலில் தள்ளுங்கள், யாரையும் ஓசியில் உள்ளே விடாதீர்கள். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிடுங்கள். ஆனால் தள்ளும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மேசையிலிருந்து நான் எழுந்து போக முடியுமா? முடியாது என்றால் துணிந்து ஆடுங்கள். முடியும் என்றால், எழுந்து போவதே பல வேளைகளில் நம் கையிலுள்ள மிக வலிய சீட்டு.

அண்ணன் ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்றார். சென்ற தீபாவளிக்கு அவர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். பாயில் ரம்மி நடந்துகொண்டிருந்தது. "வா தம்பி, உட்காரு. இங்க புள்ளி மட்டும்தான்" என்று சிரித்தபடி எனக்கு இடம் ஒதுக்கித் தந்தார். முதல் ஆட்டத்திலேயே டிராப் செய்தார். 20 புள்ளிதானே, அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.